பொலிசும் அமைச்சும்: முல்லோயா முதலாக ஒரு நோக்கு

பொலிஸ் எந்த அமைச்சின் கீழ் அமைந்துள்ளது என்பது வெறும் நிருவாக ஒழுங்கு பற்றிய வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளிவரும், பெயர்ப்பலகை மாறும், அத்துடன் பொருள் மறக்கப்படும். ஆயினும் சுடும் அதிகாரமும் தடுத்து வைக்கும் அதிகாரமும் யாருடைய ஆணையின் கீழ் இயங்குகின்றன, அவற்றுக்காக யார் மக்களுக்கு விடை கூறுவர் என்பன இவ்வினாவினுள்ளேயே அடங்கியுள்ளன. இலங்கையில் இது முதன்முதலிற் கூர்மையடைந்தது ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணத்தை ஒட்டியேயாகும்.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியற்றிட்டம் பொலிசை உள்நாட்டு அலுவல்கள் அமைச்சரிடம் ஒப்படைத்தது. டி. பி. ஜயதிலக அப்பதவியை வகித்தார். எனினும் பொலிஸ் மா அதிபர் பிரித்தானிய உத்தியோகத்தராகவே இருந்தார். அவருக்குப் பின்னால் தேசாதிபதி நின்றார். தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை 1937இல் நாடுகடத்த முற்பட்டபொழுதே, உள்நாட்டு அமைச்சருக்கு அது பற்றி அறிவிக்கப்பட்டதா என்னும் சர்ச்சை மூண்டது.

1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடைபெற்ற வேளையில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன்முன் கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். இதற்கிடையே வேலைநிறுத்தக்காரருக்கெதிரான வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு அமைச்சர் பணித்தார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் மறுத்தார். தேசாதிபதி கல்டெகொற் அமைச்சரின் பக்கம் நில்லாது பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். அமைச்சர்கள் கூட்டாகப் பதவி துறந்தனர்.

இப்பதவி துறப்பைத் தொழிலாளர்பால் கொண்ட பரிவின் விளைவெனக் கொள்வது தவறாகும். தமிழர் எவரும் இடம்பெறாத அதே அமைச்சரவைதான் 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாகப் பணிபுரிந்த இந்தியரை நீக்கத் தலைப்பட்டது. கோவிந்தனின் உடல் அவர்களுக்கு ஓர் அதிகாரப் பிணக்கின் சந்தர்ப்பமாகவே அமைந்தது. ஆயினும் அவர்கள் எழுப்பிய கோட்பாடு செம்மையானது: மக்கள் தெரிவு செய்தோருக்குப் பொலிஸ் கட்டுப்பட வேண்டும்.

சுதந்திரத்தின் பின் இக்கோட்பாடு தலைகீழாயிற்று. தேசாதிபதி அகன்றார், தெரிவு செய்யப்பட்டவரின் கையிலேயே ஆணை வந்து சேர்ந்தது. சோல்பரி அரசியற்றிட்டம் பாதுகாப்பைப் பிரதமரிடம் ஒப்படைத்தது. 1978இன் பின் பெரும்பாலும் சனாதிபதியே பாதுகாப்பு அமைச்சரானார். இடையிடையே வேறு அமைச்சுகளுக்கு மாறியபோதிலும், நெடுங்காலம் பொலிஸ் பாதுகாப்பு அமைச்சிலேயே தங்கியது. படையும் பொலிசும் ஒரே கூரையின் கீழ் வந்தமையால், குற்றத்தைப் புலனாய்வது பொலிசின் பணி, எதிரியை முறியடிப்பது படையின் பணி என்ற வேறுபாடு மங்கியது. வடக்கு கிழக்கு மக்கள் இதனை நூல்களிலன்றிச் சோதனைச் சாவடிகளிலேயே கற்றனர்.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பொலிசைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரிக்குமாறு பரிந்துரைத்தது. 2013 ஓகத்தில், தூய நீர் கேட்ட வெலிவேரிய மக்கள் மீது படையினர் சுட்ட நிகழ்வையடுத்து, சட்டம் ஒழுங்கு அமைச்சு உருவாக்கப்பட்டது. ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த சனாதிபதியே அதனையும் ஏற்றார். செயலாளராக ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் அமர்ந்தார். கூரை இரண்டாயிற்று, வீட்டுக்காரர் ஒருவரே.

படையும் பொலிசும் ஒருவரிடம் இருப்பின் ஒருங்கிணைப்பு எளிதாகும் என வாதிடுவோர் உளர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்போது இரண்டும் சனாதிபதி சிறிசேனவிடமே இருந்தன. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை பயனின்றிப் போயிற்று. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் அவரை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. 2020 நவம்பரில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சு என்னும் தனி அமைச்சு தோன்றியது.

அமைச்சரின் கையைத் தளர்த்தும் பிற முயற்சிகளும் உண்டு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் வழங்கிற்று. அது ஏட்டளவிலேயே நின்றது. 2001இன் பதினேழாம் திருத்தம் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2010இல் அவ்வதிகாரம் பறிபோய், 2015இல் மீண்டு, 2020இல் மறுபடியும் பறிபோய், 2022இல் திரும்பிற்று. பலம் வாய்ந்த சனாதிபதி ஒருவர் வந்தபோதெல்லாம் ஆணைக்குழு மெலிந்துள்ளது.

இவையனைத்திலும் முதன்மையானது தடுப்புக் கட்டளையாகும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் அன்றி அமைச்சரே ஒருவரை மும்மாதங்களுக்குத் தடுத்துவைக்கக் கட்டளையிடலாம். அதனை நீட்டிக்கவும் செய்யலாம். 2022 ஓகத்தில் மாணவர் போராட்டத் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டபொழுது பொலிஸ் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. கட்டளையில் ஒப்பமிட்டவரோ பாதுகாப்பு அமைச்சர் என்ற வகையில் சனாதிபதி. அதே ஆண்டின் திருத்தம் தடுப்புக் காலத்தின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. ஒப்பமிடும் அதிகாரத்தை அமைச்சரிடமே விட்டுவைத்தது.