செல்பேசி காட்டும் நில அளவை நம்பலாமா?

கடலில் படகு செலுத்துவோருக்கு இடமும் வழியும் காட்டும் செயற்கைக்கோள் வசதி, இன்று விவசாயிகளின் செல்பேசியிலும் இருக்கிறது. செல்பேசியுடன் வரப்பைச் சுற்றி நடந்தால் இத்தனை சென்ட் என்று காட்டிவிடும். அந்த அளவை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பிழை ஏன் வருகிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் ரேடியோ அலை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு செல்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் விலகல் இருக்கும். தென்னந்தோப்பிலும் மலையடிவாரத்திலும் உயர்ந்த சுவர்களுக்கு அருகிலும் அலை தடைபடும், அல்லது மோதித் திரும்பும். அங்கே விலகல் கூடும்.

நடுக்கடலில் 5 மீட்டர் பெரிதல்ல. சிறு நிலத்தில் பெரிது. 10 சென்ட் என்பது ஏறக்குறைய 20 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒரு வரப்பு 3 மீட்டர் வெளியே தள்ளிப் பதிவானால் 60 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்ட் கூடிவிடும். நூற்றுக்கு 15 பங்கு பிழை. ஒரு ஏக்கரில் இதே விலகலால் வரும் பிழை நூற்றுக்கு 5 பங்குக்குள் அடங்கும்.

இன்னொன்று: நான்கு முனைகளும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் பரப்பு சரியாகவே வரும். ஆனால் எல்லை அடுத்தவர் நிலத்தில் போய் நிற்கும்.

கழிவுநீர் பாதித்த நிலங்கள்

வேலூர், ஆம்பூர் தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஏற்றதாக இல்லாமல் போனதை உச்ச நீதிமன்றம் தன் 1996 தீர்ப்பில் எடுத்துக் கூறியது. 2025 ஜனவரியில் இழப்பீடு குறித்து மீண்டும் உத்தரவிட்டது. ஆகவே எந்தக் கிணறு, எந்த நிலம் என்ற பதிவு இங்கே முக்கியம்.

மண், கிணற்று நீர் மாதிரி எடுக்கும்போது செல்பேசி காட்டும் இடக்குறியுடன் சர்வே எண், உட்பிரிவு, தேதி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். அருகருகே இரு கிணறுகள் இருந்தால் இடக்குறி மட்டும் போதாது. வரப்பிலிருந்தோ அசையாத ஓர் அடையாளத்திலிருந்தோ நாடா பிடித்து அளந்து, தூரத்தையும் குறியுங்கள். அடுத்த ஆண்டும் அதே கிணற்றில் நீர் எடுத்தால்தான் உப்பு கூடியதா, குறைந்ததா என்று ஒப்பிட முடியும்.

கவனிக்க வேண்டியவை

1. விதை, உரம், உழவுக்கூலிக் கணக்குக்குச் செல்பேசி அளவு ஓரளவு உதவும். சில நிமிடம் திறந்த வெளியில் நின்ற பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

2. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து பாருங்கள். அளவுகள் மிகவும் வேறுபட்டால் நாடாவால் அளப்பதே மேல்.

3. கிரயம், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு ஆகியவற்றுக்கு இந்த அளவை நம்ப வேண்டாம். புலப்படத்தை வைத்து அரசு நில அளவர் அளந்து கல் நடுவதே முறை. நில அளவைக்கென உள்ள துல்லியக் கருவிகளும் செயற்கைக்கோளையே பயன்படுத்துகின்றன. ஆனால் தரையில் நிலையாக அமைந்த நிலையத்திலிருந்து திருத்தம் பெறுவதால் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கின்றன.

இடத்தைத் தேடிப் போகச் செல்பேசி போதும். எல்லைக்கு, நட்ட கல்லே சாட்சி.