நாம் படித்த பள்ளிக்கு நாம் என்ன செய்யலாம்?

சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு நேரே கொல்லைப்புறம் ஓடுவாள். நான் டிபன் பாக்ஸைக் கழுவ எடுக்கிறபோது தண்ணீர் பாட்டிலையும் தூக்கிப் பார்ப்பேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருக்கும். "வெயில் இந்தப் போடு போடுது, ஒரு மடக்காவது குடிச்சா என்னடி?" என்று தினமும் திட்டுவேன். "மறந்துட்டேம்மா" என்பாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குத் தாகம் கூடவா மறந்து போகும்? நான்தான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு நாள் ராத்திரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீர்க்கடுப்பு, கூடவே ஜுரம். மறுநாள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பகல்லே எத்தனை தடவை பாத்ரூம் போறே?"

"போறதே இல்லை டாக்டர். வீட்டுக்கு வந்துதான் போவேன்."

எனக்குத் 'திக்'கென்றது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்து மணி ஆகும். எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமலும் இருந்திருக்கிறாள். தண்ணீர் குறைந்து, நீரையும் அடக்கினால் கிருமி தங்கிப் பெருகுவதற்கு அதுவே வசதியாகிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தொந்தரவு எளிதில் வந்துவிடுமாம். மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "கதவுல தாழ்ப்பாள் இல்லம்மா. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தண்ணியும் பாதி நாள் வராது" என்றாள்.

நான் பதில் பேசவில்லை. நான் படித்ததும் அதே பெண்கள் பள்ளிக்கூடம்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சிநேகிதிக்காக அதே மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் நானும்!

கையெழுத்து மட்டும் போதுமா?

மறுநாள் கோபத்தோடுதான் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கப் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, "நீங்களாவது கேட்டு வந்தீங்களே. கூட்டம் போட்டா நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, 'அடுப்புல வேலை இருக்கு டீச்சர்'ன்னு எல்லாரும் போயிடறாங்க" என்றார். என் கோபம் இறங்கிவிட்டது. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது அங்கே படித்துவிட்டுப் போன முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். சட்டம் நமக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. நாம்தான் உட்காராமல் நிற்கிறோம்.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்து ஊர் ஊராக நடந்த அந்த மாநாடுகளில், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று மக்கள் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் மாமியார் இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுவார்.

கொடுத்தது போதும், யார் பார்த்துக்கொள்வது?

முதலில் நாலு அம்மாக்கள் சேர்ந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தாழ்ப்பாள் வாங்கி, ஒரு சனிக்கிழமை ஆள் வைத்துப் பொருத்தினோம். மூடி போட்ட குப்பைத் தொட்டி, வாளி, மக் வாங்கி வைத்தோம். குழாயில் தண்ணீர் வராத காரணம் மேல்தொட்டியின் மோட்டார் பழுது என்று தெரிந்தது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி அதைச் சரிசெய்தோம்.

அப்படிச் சுற்றிப் பார்த்தபோதுதான் வராந்தா மூலையில் ஒரு பெரிய தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கண்ணில் பட்டது. பழைய மாணவிகள் ஒரு செட்டு சேர்ந்து, மேடை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுத்தது. அவர்கள் பெயர் பளபளவென்று இருக்கிறது. மெஷின் துருப்பிடித்திருக்கிறது! உள்ளே இருக்கிற ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று கொடுத்தவர்களும் நினைக்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற தயக்கம் பள்ளிக்கு.

வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வது தினசரி வேலை. வீட்டில் மிக்ஸி வாங்கினால் அதோடு முடிந்துவிடுகிறதா? பிளேடு தீட்ட வேண்டும், வாஷர் மாற்ற வேண்டும். இது இல்லத்தரசிக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் பள்ளிக்கூடத்துக்கு நாம் தேவைப்படுகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

பழைய சிநேகிதிகள்

என்னோடு படித்தவர்களைத் தேட ஆரம்பித்தேன். தையல்கடையில் ஒருத்தி, ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, அவள் சொல்லி வெளியூரில் ஒருத்தி என்று சேர்ந்தார்கள். "பணம்னா இப்ப முடியாதுப்பா" என்று தயங்கினவர்களிடம், "பணம் வேண்டாம், உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிற சிநேகிதி, மாதம் ஒரு நாள் பெண்களோடு பேச வருகிறாள். வாரம் ஒருமுறை பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பெண்கள் ஜன்னல் வழியே எறிந்து கொண்டிருந்தார்கள். "அதைச் சாப்பிட்டா பிள்ளை பிறக்காதாம்" என்று யாரோ கிளப்பிய புரளி! இவள் பொறுமையாக விளக்கினாள். பன்னிரண்டு வயது தாண்டிய பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், டீ, காபியோடு கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இதையே டீச்சர் சொன்னபோது கேட்காத பெண்கள், "நானும் இந்த மூணாவது பெஞ்சிலேதான் உட்கார்ந்திருந்தேன்" என்று அவள் ஆரம்பித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

தையல்கார சிநேகிதி கிழிந்த சீருடைகளைத் தைத்துக் கொடுக்கிறாள். பாங்கில் இருப்பவள், கணக்கு ஆரம்பிக்கவும் உதவித்தொகை மனு எழுதவும் கற்றுக்கொடுக்கிறாள்.

எங்கள் அம்மாக்கள் கூட்டம் எடுத்துக்கொண்டது சுண்டல். பத்தாவது, பன்னிரண்டாவது பெண்களுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும். மத்தியானம் சாப்பிட்ட பெண்கள் ஆறு மணி வரை வெறும் வயிற்றோடு கணக்குப் போட்டால் கண் இருட்டாதா? ஒருத்திக்கு 40 கிராம் பயறு என்று வைத்துக்கொண்டால், அறுபது பேருக்கு இரண்டரைக் கிலோ போதும். முதல் நாள் ராத்திரி ஊற வைத்து, கொண்டைக்கடலை, தட்டாம் பயறு, பாசிப்பயறு என்று மாற்றி மாற்றிச் செய்கிறோம். முறை போட்டுக்கொண்டதால் ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறது.

தாமதமாகப் போன ஒரு வீடு

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பூரித்திருந்த சமயத்தில்தான் அது நடந்தது. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. "ஜுரமாம்" என்றார்கள் தோழிகள். நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு விசாரித்தபோது வேறு ஊர்க் கோயிலில் கல்யாணமே முடிந்துவிட்டது. பதினெட்டு வயது ஆகாத பெண். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தடுக்க வருவார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு எட்டு நடந்து போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டாததுதான் எங்கள் தப்பு. அவளுக்கும் நாங்கள் சுண்டல் கொடுத்திருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்தோம். எந்தப் பெண்ணும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால், வகுப்பு டீச்சரோடு ஒரு அம்மாவும் ஒரு பழைய மாணவியும் வீட்டுக்குப் போவது.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. பத்தாவது படிக்கிற பெண் மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். "நான் என்ன வேணும்னா நிறுத்துதேன்? எனக்கு முதுகு நிமிர மாட்டேங்கு. கணக்கு குறைஞ்சா கடையில அட்டையை நிப்பாட்டிருவாவ. அவ சுத்தலைன்னா சோறு யாரு போடுவா?"

எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. உடன் வந்த பழைய மாணவி சட்டென்று தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மடியிலிருந்த சுளகை வாங்கிக்கொண்டாள். இலையை மடித்துச் சுற்றிக்கொண்டே, "மதினி, நானும் இதைச் சுத்திக்கிட்டே படிச்சவதான். எங்கம்மா நிறுத்தியிருந்தா நான் இன்னைக்கு ஆபீஸ் போக மாட்டேன்" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை தருகிற உதவித்தொகைக்கு மனுப் போட்டோம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருவதாக 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தைச் சொன்னோம். நர்ஸ் சிநேகிதி அந்த அம்மாவை முதுகு வலிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அடுத்த திங்கட்கிழமை பெண் வகுப்பில் இருந்தாள். பரீட்சை எழுதினாள். சுமாரான மார்க்தான், ஆனால் பாஸ்! இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.

நீங்களும் ஆரம்பிக்கலாம்

சகோதரிகளே, எங்கள் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்:

* பொருள் வாங்கும் முன் தேவையைக் கேளுங்கள். டீச்சரிடம் மட்டுமல்ல, பிள்ளைகளிடமும். தாழ்ப்பாள் இல்லை என்று எந்தப் பெண்ணும் மேடையில் சொல்ல மாட்டாள்.

* எதைக் கொடுத்தாலும், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயரையும் ஒரு வருஷச் செலவையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

* பணத்தைக் கையில் வாங்காதீர்கள். பள்ளிக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். காசு விஷயத்தில் ஒரு வதந்தி கிளம்பினால் பத்து வருஷ நல்ல பெயரும் போய்விடும்.

* வகுப்பு நடக்கும்போது எட்டிப் பார்த்து டீச்சர்களை மேற்பார்வை பார்க்காதீர்கள். மருமகள் சமையலில் மாமியார் தலையிடுவது போலத்தான் அது!

* உதவி பெறுகிற பெண்ணை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்க வேண்டாம். வெளியாள் யார் வந்தாலும் ஒரு டீச்சர் கூட இருக்கட்டும்.

வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இதெல்லாம் நடக்கும். மத்தியானம் சமையல் முடிந்து நாம் கண் அசருகிற நேரம்தான் அது.

நேற்று சாயந்திரம் மகளின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலியாக இருந்தது. "இன்னொரு பாட்டில் தரியாம்மா? இது பத்தலை" என்றாள். உங்கள் பெண்ணின் பாட்டிலையும் இன்று சாயந்திரம் ஒருதரம் தூக்கிப் பாருங்கள். நிறைந்திருந்தால் திட்டாதீர்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.