கொங்கு ஊர்க்கடைகளின் பற்று வரவுக் குறிப்பேடுகள்: வட்டார வணிக வரலாற்றுச் சான்று நோக்கில்

கொங்கு நாட்டு வணிகம் குறித்த ஆய்வுகள் கொடுமணல் அகழாய்வு, வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள், பருத்தி ஆலைகள் ஆகியவற்றிலேயே பெரிதும் நிலைகொண்டுள்ளன. ஊர்க்கடை ஆய்வாளர் பார்வையில் அரிதாகவே படுகிறது. கடையைச் சந்தையின் சிறு வடிவமாகக் கருதுவது இதற்கு ஒரு காரணமாகலாம். அக்கருத்து பொருந்துவதாக இல்லை.

பொள்ளாச்சி, புன்செய்ப் புளியம்பட்டி முதலிய வாரச் சந்தைகளில் பொருள் பெரும்பாலும் பணத்துக்கே கைமாறியது. காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பேரமும் அங்கேயே முடிவது. ஊர்க்கடையோ காலத்தை விற்றது. மானாவாரிச் சோளமும் கம்பும் களத்துக்கு வரும்வரை உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய் ஆகியன பற்றில் சென்றன. அறுவடைக்குப்பின் பணமாகவோ தானியமாகவோ வரவு வைக்கப்பட்டது. சந்தையில் ஏமாந்தவர் அடுத்த வாரம் வேறு வணிகரை நாடலாம். பற்று நிலுவையுள்ள குடும்பத்துக்கு அத்தெரிவு எளிதன்று.

எடையையும் தரகையும் முறைப்படுத்த முனைந்த 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின்கீழ்த் திருப்பூரில் 1936இல் பருத்திச் சந்தை அமைந்தது. மளிகைப் பற்று அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. ஆகவே அதனை அரசுக் கோப்புகளில் தேடுவதைவிடக் கடைக்காரரின் குறிப்பேடுகளில் தேடுவதே தகும். கடை மூடப்படும்போது அவை பழைய தாளாக எடைக்குப் போய்விடுகின்றன. தொகுப்புப் பணி தாழ்க்கத்தக்கதன்று.

இவ்வேடுகளின் காலத்தைக் கணிப்பதில் இடர் உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பின் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீளும்: ‘விளம்பி’ என்பது 1898-99ஆகவும் இருக்கலாம், 1958-59ஆகவும் இருக்கலாம். நாணய அலகு இங்குத் துணைசெய்யும். 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. எனவே நயா பைசாக் கணக்கு காணப்படின் ஏடு பிந்தியதே. அணாக் கணக்கு காணப்படின் முந்தியது எனத் துணிய இயலாது. பேச்சு வழக்கில் 25 பைசா ‘நாலணா’வாகவே நெடுநாள் வழங்கியது.

முகத்தலளவை இன்னும் அரிது. படி, வள்ளம் ஆகியவற்றைக் கிலோவாக்க முற்படுவோர் தானியத்தின் பெயரையும் உடன்நோக்க வேண்டும். ஒரு வள்ளம் கம்பும் ஒரு வள்ளம் நிலக்கடலைக் காயும் ஒரே நிறையின அல்ல.