விதை அறைச் சுவரை அளந்து பாருங்கள்

மரபு விதையைத் தேடிப் பிடிக்கிறோம், விளைய வைக்கிறோம், பக்குவமாகக் காய வைத்து எடுத்து வைக்கிறோம். அடுத்த பட்டத்துக்குப் பாதிதான் முளைச்சா விதையைக் குறை சொல்கிறோம். அதை வைத்திருந்த அறையை யாரும் கவனிப்பதில்லை.

விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். இது விதை அறிவியலாளர் ஹாரிங்டன் சொன்ன தோராயக் கணக்கு. அப்படின்னா விதையைக் காப்பதில் சுவருக்கும் பங்கு உண்டு.

குளிர் நாடுகளில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் இருக்கச் சுவரை அளக்கிறார்கள். நமக்கு வெளிச்சூடு உள்ளே வராமல் இருக்கணும். சுவர் இதை இரண்டு விதமாகச் செய்யும். ஒன்று, சூட்டைக் கடத்தாமல் தடுப்பது. வைக்கோல் போல உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள் இதில் கெட்டி. இன்னொன்று, சூட்டை வாங்கி வைத்துத் தாமதமாக விடுவது. கனத்த மண் சுவர் செய்வது இந்த வேலைதான். மெல்லிய கான்கிரீட் சுவர் இரண்டையும் சரியாகச் செய்யாது.

அளக்க பெரிய கருவி வேண்டாம். ஒயர் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு போதும். மேற்குச் சுவரில் ஒரே உயரத்தில், ஒரு முனையை வெளிப்பக்கமும் இன்னொன்றை உள்பக்கமும் சுவரோடு ஒட்டி வையுங்கள். வெயில் நேரே படாதபடி இரண்டையும் கொஞ்சம் மண்ணால் பூசி மூடுங்கள். கதவை அடைத்துவிட்டு, வெயில் காலத்தில் 3 நாள், இரவிலும் விடாமல் மணிக்கொரு முறை குறித்து வாருங்கள்.

இரண்டு கணக்குப் பாருங்கள். வெளிச்சுவர் 26 முதல் 46 டிகிரி வரை போகுது, உள்சுவர் 30 முதல் 35 வரைதான் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஏற்ற இறக்கம் 20, உள்ளே 5. நாலில் ஒரு பங்குதான் உள்ளே வருது. இந்தப் பங்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அடுத்து, வெளியே மாலை 4 மணிக்கு உச்சம், உள்ளே இரவு 10 மணிக்கு என்றால் தாமதம் 6 மணி நேரம். உள்ளே உச்சம் வரும்போது வெளியே குளிர்ந்திருக்கும். விதை காற்றுப் புகாத கலனில் இருந்தால், அப்போது சன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றலாம்.

உள்சுவரும் வெளிச்சுவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சூடேறினால் அந்தச் சுவர் சூட்டை நிறுத்தவில்லை. இடிக்கத் தேவையில்லை. மேற்கே ஒரு சாண் இடைவெளி விட்டு ஓலைத்தட்டி கட்டுங்கள், இல்லை பந்தல் போட்டுக் கொடி ஏற்றுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டை யோசிக்கலாம். செங்கல்லை நிறுத்தி நடுவில் காற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. செங்கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம்.

ஒன்று மறக்க வேண்டாம். மேலே தகரக் கூரை இருந்தால் எந்தச் சுவரும் காப்பாற்றாது. முதலில் அதன் மேல் கீற்று போடுங்கள். பிறகு மறுபடி 3 நாள் அளங்கள். முன்னே எழுதிய கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செய்த வேலை பலித்ததா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.