புது வீட்டுக்குப் பூனையைப் பழக்கும் முறை

தை பிறந்ததும் நம் கரிசல் சீமையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன. உளுந்து, பாசி, கம்பு, சோளம் என்று மானாவாரி மகசூல் களத்திலிருந்து வீடு வருகிறது. மார்கழி கழியட்டும் என்று காத்திருந்தவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடி போகிறார்கள். காடு வெறுமையானதும் அங்கே கதிரைத் தின்று கொழுத்த எலிகளும் தானியம் போன திசையிலேயே ஊருக்குள் வருகின்றன. ஆகவே பூனை மிகவும் தேவைப்படும் நேரமும், அது வீட்டை விட்டுப் போய்விடும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

நாய் ஆளைப் பழகும், பூனை இடத்தைப் பழகும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பூனை தன் கன்னத்தையும் உடம்பையும் தூணிலும் நிலையிலும் உரசி, தன் வாடையைப் பதித்து வைக்கிறது. அந்த வாடை உள்ள இடமே அதற்கு வீடு. சுண்ணாம்பும் பெயிண்டும் நாறுகின்ற புது வீடு அதன் கணக்கில் அயலார் வீடு. கதவு திறந்திருந்தால் முதல் இரவே பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

வீடு மாறுவதிலும் இரண்டு விதம் உண்டு. 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம், 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் போன்றவற்றில் குடிசை இருந்த மனையிலேயே காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டவர்கள் பலர். இவர்களுக்குக் கஷ்டம் குறைவு. பூனைக்குத் தெரு தெரியும், பக்கத்து வீடு தெரியும். கூரையும் பரணும் போனதுதான் அதற்குக் குறை. ஆனால் காட்டு வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் படிப்புக்காகக் கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ குடியேறுகிறவர்களின் பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். மதுரை - கன்னியாகுமரி நான்கு வழிச் சாலையை இரவில் கடக்க முயலும் பூனை பெரும்பாலும் மறு கரை போய்ச் சேருவதில்லை.

பூனையைச் சாக்கில் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனால் வழி மறந்துவிடும் என்பது சிலர் நம்பிக்கை. வழி மறப்பதில்லை. பயம்தான் மிஞ்சும். வெயில் நேரமாக இருந்தால் சாக்குக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தாலும் சாகும். மூடி போட்ட கூடையில், அது வழக்கமாகப் படுக்கும் பழைய சாக்கை விரித்து, மேலே துணி மூடி, காலை வேளையில் கொண்டுபோவதே நல்லது. அந்தச் சாக்கைத் துவைத்துவிடக் கூடாது. அழுக்கானாலும் அதில்தான் அதன் வாடை இருக்கிறது.

புது வீட்டில் முழு வீட்டையும் ஒரேயடியாகக் காட்ட வேண்டியதில்லை. தானிய மூட்டையோ குலுக்கையோ இருக்கும் ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தவும். ஈரச் சுண்ணாம்பு பூனையின் பாதத்தைப் புண்ணாக்கும். காலை நக்கினால் வாயும் வெந்துவிடும். எனவே வெள்ளையடித்துக் காய்ந்த பிறகே விட வேண்டும். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையிலும், பாச்சை உருண்டை போட்ட இடத்திலும் பூனை இருக்கக் கூடாது. இரண்டுமே அதற்கு விஷம்.

முதல் நாள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வராது. கையை விட்டு இழுக்காதீர்கள். தண்ணீரையும் தீனியையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு நாள் தின்னாமல் இருப்பதும் உண்டு. இரண்டு நாளைக்கு மேல் வாயே வைக்கவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுநாள் பட்டினி பூனையின் ஈரலைக் கெடுத்துவிடும்.

வெளியே போய் வந்து பழகிய பூனைக்கு வீட்டுக்குள் மலஜலம் கழிக்க ஓர் இடம் வேண்டும். பழைய காரைச் சட்டி ஒன்றில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மணலைப் போட்டு, தீனி வைக்கும் இடத்துக்கு எதிர் மூலையில் வைக்கவும். செம்மண்ணும் சாம்பலும் கலந்தும் போடலாம். கரிசல் மண் உதவாது. ஈரம் பட்டால் காலில் அப்பும், காய்ந்தால் கட்டியாகிவிடும். பூனைக்குப் பறித்து மூட வராது. கழிவை அன்றன்றே அள்ளிக் குழியில் புதைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் வயிற்றுச் சிசுவைப் பாதிக்கும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால்தான் அன்றன்றே அள்ளச் சொல்கிறோம்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் இரவில் கதவைப் பிறாண்டிக் கத்தும். வீட்டார் பொறுமைக்கு இதுவே சோதனை. தூக்கம் கெடுகிறதே என்று ஒரு தரம் திறந்துவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று தெரிந்துகொள்ளும். பிறகு ஓயாது. அதற்குப் பதிலாக, அந்தி நேரத்தில் கயிற்று நுனியில் துணி முடிச்சுக் கட்டி ஆட்டி, கால்மணி நேரம் அதைப் பாய்ந்து விளையாட வைத்து, பின்பு தீனி போட்டால் இரவில் பாதி நேரம் அடங்கிக் கிடக்கும். கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டாம், விழுங்கிவிடும். நகத்தைக் கீற ஒரு கம்பில் கயிற்றைச் சுற்றி நட்டு வைக்கவும். ஏறிப் படுக்க உயரமான இடமும் வேண்டும். கூரை வீட்டில் பரண் இருந்தது; காங்கிரீட் வீட்டில் ஜன்னல் திண்டு போதும்.

தீனியை நேரம் தவறாமல், ஒரே மாதிரிக் குரல் கொடுத்துப் போடவும். சோறும் மோரும் மட்டும் பூனைக்குப் போதாது. மீன் தலை, கோழிக் கழிவு, நன்றாக ஊற வைத்து உப்புப் போகக் கழுவிய கருவாடு இவற்றில் ஏதாவது சேர வேண்டும். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். பசித்த பூனை அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போகும்.

மூன்று வாரம் இப்படி வைத்திருந்து, பிறகு அந்தி வேளையில் தீனிக்கு முன்பு, பசியோடு இருக்கும்போது வாசலுக்கு விடவும். கால்மணி நேரத்தில் குரல் கொடுத்து உள்ளே அழைத்துத் தீனி போடவும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். பகலில் வெளியே போனாலும் இரவில் தானியத்தோடு உள்ளே அடைப்பதே நிரந்தரப் பழக்கமாக இருக்கட்டும். எலி நடமாடுவதும் இரவில்தான், லாரியில் அடிபடுவதும் இரவில்தான். அதற்குள் ஓடிவிட்டால் பழைய வீட்டில் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் சோறு வைக்க வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்து, பிடித்து வந்து முதலிலிருந்து தொடங்கவும்.

பூனை இருக்கும் வீட்டில் எலி மருந்து வைக்கவே கூடாது. இதைக் கவனிக்காமல் பூனையை இழந்தவர்கள் அநேகர். சிங்க் பாஸ்பைடு தின்று செத்த எலியின் வயிற்றில் மிச்சமிருக்கும் மருந்து பூனையையும் கொல்லும். புரோமாடியோலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். அதுதான் பூனைக்குச் சுலபமாக அகப்படும். அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்ற பூனை, உடம்புக்குள் ரத்தம் கசிந்து சோர்ந்துவிடும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டினால் வைட்டமின் கே மருந்தால் பிழைக்க வழியுண்டு. சோர்ந்திருக்கிறதே என்று நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே போதும், செத்துவிடும்.

மருந்துக்குப் பதிலாகப் பொறி வைக்கலாம். மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் பூனை சுற்றி வர வழி கிடைக்கும். கதவுக்கு அடியில் கால் அங்குல இடுக்கு இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். தகரம் அடித்து அடைக்கவும். பெருச்சாளியைப் பூனை பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். அநேகப் பூனைகள் அதனிடம் போவதில்லை.

கடுவன் பூனை எவ்வளவு பழக்கினாலும் பெட்டையைத் தேடி ஊர் சுற்றும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட்டால் அலைச்சல் குறையும். பெட்டைக்கும் இதைச் செய்யலாம். நெல்லை ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் ஆன பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பழகும் நாட்களில் பயத்தில் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடவும். சுண்ணாம்பு, மஞ்சள் தடவிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

குட்டி போட்ட பூனையானால் கூடுமானவரை குடி போகும் நாளைத் தள்ளிப் போடவும். ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அந்தச் சமயத்தில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பழைய வீட்டுக்கே நடக்கும். தள்ள முடியாவிட்டால் தாயையும் குட்டிகளையும் ஒரே கூடையில் கொண்டுவந்து, குட்டிகள் தாமாகத் தீனி தின்னும் வரை அந்த அறைக் கதவைத் திறக்காமல் வைத்திருக்கவும்.