உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் செயினில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் கழற்ற முடியாது!

கியர் இல்லாத சைக்கிளின் செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருகின்றன, ஒவ்வொன்றும் 12.7 மி.மீ. ஆகவே இரண்டிரண்டாக, 25.4 மி.மீ. கணக்கில்தான் நீளத்தைக் குறைக்க முடியும். மிச்சத்தைச் சரிக்கட்டுவது பின்சக்கர அச்சு நகரும் காடி. செயின் மேலும் கீழுமாக ஓடுவதால், அச்சு அந்த மிச்சத்தில் பாதி தூரம் நகர்ந்தாலே போதும். ஒற்றைக் கண்ணி அளவுக்கு நீளத்தை மாற்ற உதவும் அரைக்கண்ணி கடையில் கிடைக்கிறதே என்பார்கள். காடி போதிய நீளமிருந்தால் அதற்கு வேலையே இல்லை. புதுச் செயினை, அச்சு காடியின் முன்பக்கம் நிற்கும்படி வெட்டுவதே நல்லது. தேய்ந்து நீளும்போது பின்னுக்கு இழுக்க இடமிருக்கும். விறைப்பாக இழுத்துவிட்டால் செயின் கழலாது என்ற வாதமும் முழுச் சரியல்ல. முன்பல்சக்கரம் பெரும்பாலும் துல்லியமான வட்டமல்ல. பெடலைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் இறுகும். அங்கேயும் சுமார் 10 மி.மீ. ஆட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் சீக்கிரம் தேயும்.