தாத்தாவின் காய்ச்சலும் ஒரு சந்தர்ப்பவாதியும்!

அரசியலில் மட்டும்தான் சந்தர்ப்பவாதிகள் உண்டு என்று யார் சொன்னது? பாக்டீரியாக்களிலும் இருக்கிறார்கள். குணம் அதேதான். வீடு பலமாக இருக்கும்வரை வாசலில் கைகட்டி நிற்பது... கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே புகுந்து நாற்காலியைப் பிடித்துவிடுவது!

காலரா, டைபாய்டு கிருமிகள் எல்லாம் நேரடியாக மோதுகிற ரகம். நல்ல ஆரோக்கியசாலியையும் சாய்க்கும். சந்தர்ப்பவாதி அப்படியில்லை. வாஷ்பேசினில், ஈரமான இடுக்குகளில், சில சமயம் நம் குடலிலேயேகூடச் சாதுவாகக் காலம் தள்ளும். சர்க்கரை எகிறியவர், தீக்காயம் பட்டவர், கேன்சருக்கு கீமோ எடுப்பவர், ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருப்பவர்... இவர்களிடம்தான் தன் வேலையைக் காட்டும். சூடோமோனாஸ், க்ளெப்ஸியெல்லா, அசினெட்டோபாக்டர் மூன்றும் இந்தக் கட்சியின் முக்கியப் புள்ளிகள்.

உதாரணத்துக்கு ஒரு தாத்தாவை வைத்துக்கொள்வோம். வயது 72. சர்க்கரை உண்டு. பாத்ரூமில் வழுக்கி, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன். சிறுநீர் போக கதீட்டர் ட்யூப். ஐந்தாம் நாள் குளிரும் காய்ச்சலுமாகத் தூக்கிப் போடுகிறது. டாக்டர் 'யூரின் கல்ச்சர் அண்ட் சென்ஸிட்டிவிட்டி' என்று எழுதுகிறார். முழு ரிஸல்ட் வர மூன்று நாள் ஆகும் என்கிறார்கள்.

"சுகர் டெஸ்ட்டுக்கு அஞ்சு நிமிஷம்... இதுக்கு மட்டும் மூணு நாளா? அப்படி என்னதான் பண்றாங்க லேப்ல?" என்று குதிக்கிறார் மகன். நியாயமான கேள்வி. வாங்க, அந்த பாட்டில் பின்னாலேயே போய்ப் பார்த்துடலாம்.

முதல் நாள்: விதைப்பு

கட்டிலோரம் தொங்கும் பையிலிருந்து சிறுநீரை எடுக்கக் கூடாது. ட்யூபில் அதற்கென்று இருக்கும் இடத்தைத் துடைத்து, ஸிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பையில் கிடப்பது பழைய சரக்கு. அதில் கிருமிகள் குட்டி போட்டுப் பெருகியிருக்கும்.

எவ்வளவு பெருகும்? (படித்தது பி.காம். என்பதால் கூட்டு வட்டி என்றால் எனக்குக் கை பரபரக்கும்!) வேகமான பாக்டீரியா ஒன்று, சாப்பாடும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 தடவை. ஒன்றே ஒன்றில் ஆரம்பித்தால் 107 கோடி! எந்த ஃபைனான்ஸ் கம்பெனியும் ஆசை காட்டாத வட்டி. அதனால்தான் சாம்பிளை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வா, இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் வை என்கிறார்கள்.

லேபில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றலாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884ல் வெளியிட்ட முறை இது. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாயம். ஊதாவைப் பிடித்துக்கொண்டால் 'கிராம் பாஸிட்டிவ்'. விட்டுவிட்டு ரோஸ் நிறமானால் 'கிராம் நெகட்டிவ்'. நம் தாத்தா சாம்பிளில் ரோஸ் நிறக் குச்சிகள். ஜாதகத்தில் ராசி மட்டும் தெரிந்த மாதிரி. நட்சத்திரம் தெரிய வளர்த்துப் பார்க்க வேண்டும்.

வளர்க்கிற தட்டில் இருப்பது என்ன தெரியுமா? ராமநாதபுரம் பக்கம் நோன்பு திறக்கும்போது கிண்ணத்தில் வைக்கிறார்களே, அதே கடல்பாசி! ஆராய்ச்சிக்காரர் வால்தர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் வெயிலில் உருகிவிடுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோது, "அகர் போட்டுப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னது அவர் மனைவி ஃபேனி. 1881ல். அவர் சமையலறையில் ஜெல்லி உருகாமல் நிற்கும் ரகசியம் அது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசியில் அகர் தரும் வகையும் உண்டு.

மிக மெல்லிய கம்பி வளையத்தில், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரைத் தொட்டு அந்தத் தட்டில் இழுத்து, சுமார் 37 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைக்கிறார்கள். கிருமி வளர நேரம் எடுக்கும். அதட்டினால் வேகமாக வளராது, சார்!

இரண்டாம் நாள்: பெயர் என்ன?

காலையில் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். 100 புள்ளி இருந்தால் ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு.

இனி விசாரணை. தட்டில் இருக்கும் பால் சர்க்கரையைத் தின்றால் புள்ளி ரோஸ் நிறமாகும். க்ளெப்ஸியெல்லா அப்படி. நம் ஆள் தின்னவில்லை. ஆக்ஸிடேஸ் என்ற சோதனைத் தாளில் தடவியதும் சில விநாடிகளில் கருநீலம். தட்டிலோ பச்சைச் சாயம் பரவியிருக்கிறது. பக்கத்தில் திராட்சைப் பழ வாசனை வேறு! (வேண்டுமென்று மோந்து பார்ப்பது ஆபத்து.) வேறு சில சோதனைகளும் ஒத்துப்போக, ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. சூடோமோனாஸ் ஏருஜினோஸா. பெரிய லேப்களில் 'மால்டி டாஃப்' என்ற கருவி, முளைத்த புள்ளியை வைத்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும்.

பெயருக்கு எதற்கு இத்தனை பாடு? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் மெடிக்கல் ஷாப்பில் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்குகிறோமே அமாக்ஸிஸிலின், அது சூடோமோனாஸைப் பிறவியிலிருந்தே ஒன்றும் செய்யாது. தாத்தாவுக்கு அதைக் கொடுத்திருந்தால் காசும் போய், அதைவிடப் பெரிதாக, நேரமும் போயிருக்கும்.

மூன்றாம் நாள்: பாஸா, ஃபெயிலா?

அந்தக் கிருமியைப் புதுத் தட்டு முழுக்கச் சீராகப் பூசுகிறார்கள். மேலே 6 மில்லிமீட்டர் அகலத்தில் பொட்டு போன்ற காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மறுபடி ஓர் இரவு. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிவான வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் வில்லையின் விளிம்புவரை கிருமி கும்மாளம் போட்டிருக்கும். அமெரிக்காவில் பாவர், கிர்பி குழுவினர் 1966ல் ஒழுங்குபடுத்திய முறை. இன்றும் உலகமெங்கும் இதைச் செய்கிறார்கள்.

ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்து, 'எஸ்' (கேட்கும்), 'ஐ' (இடைப்பட்டது), 'ஆர்' (கேட்காது) என்று போடுகிறார்கள். ஆனால் பெரிய வட்டம் போட்ட மருந்துதான் பெரிய மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பாஸ் மார்க் வேறு. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அட்டவணைப்படி சூடோமோனாஸுக்கு செஃப்டாஸிடிம் 18 மி.மீ. வாங்கினால் பாஸ். சிப்ரோஃப்ளாக்ஸஸினுக்கு 25 வேண்டும். இரண்டும் 20 வாங்கினால் முன்னது பாஸ், பின்னது அரியர்!

பிட் அடிக்கும் கிருமிகள்

எதிர்ப்பு எப்படி வருகிறது? சில கிருமிகள் மருந்தை வெட்டிப்போடும் என்ஸைமை உண்டாக்குகின்றன. சில, உள்ளே வந்த மருந்தை பம்ப் வைத்து வெளியே இறைக்கின்றன. கில்லாடித்தனம் என்னவென்றால், ஒரு கிருமி கற்ற வித்தையை பிளாஸ்மிட் என்ற மரபணு வளையத்தில் வைத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். பரீட்சை ஹாலில் பிட் பேப்பர் கைமாறுகிற மாதிரி!

என்.டி.எம்-1 என்பது அப்படி ஒரு பிட். உயிர் காக்க வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் என்ஸைம். 2010ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. 2012 ஆகஸ்டில் மருத்துவ சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று செயல்திட்டம் வகுத்ததும் இதே ஊரில்தான்.

2019ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. கிட்னியைப் பாதிக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டிய கோலிஸ்டின் மருந்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டி வந்ததும் இதனால்தான். கோழி உள்ளிட்ட பண்ணைப் பிராணிகளுக்கு அதைக் கொடுக்க 2019ல் இந்திய அரசு தடை போட்டது.

"மூணு நாள் கழிச்சு ஏன் மாத்தறீங்க?"

அப்போ அந்த மூன்று நாளும் தாத்தா சும்மா படுத்திருப்பாரா? மாட்டார். சாம்பிளை எடுத்த கையோடு, அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமாக வரும் கிருமிகளைக் கணக்கில் வைத்து டாக்டர் ஒரு மருந்தை ஆரம்பித்துவிடுவார். ரத்தத்தில் தொற்று பரவினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ரிப்போர்ட் வந்ததும், பீரங்கி தேவையில்லை, துப்பாக்கி போதும் என்று தெரிந்தால் இறக்குவார். மருந்து கேட்கவில்லை என்றால் மாற்றுவார். "ஒரு மருந்தும் உருப்படியா தெரியாம மாத்தி மாத்திக் குத்தறாங்க" என்று வராந்தாவில் பொருமுகிறோமே... உண்மையில் அந்த மாற்றம்தான் டெஸ்ட்டுக்குக் கொடுத்த காசுக்கு வந்த லாபம்.

நாம் செய்ய வேண்டியது...

* முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுங்கள். முதல் நாள் கடையில் வாங்கி விழுங்கிய இரண்டு மாத்திரை, கிருமியைக் கொல்லாமல் ஒளித்து மட்டும் வைத்துவிடலாம். தட்டில் ஒன்றும் முளைக்காது. காய்ச்சல் மட்டும் போகாது.

* விழுங்கிவிட்டீர்களா? மறைக்காமல் டாக்டரிடம் மாத்திரை பெயரோடு சொல்லிவிடுங்கள்.

* கதீட்டர் இல்லாதவர்கள், சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

* ரிப்போர்ட்டில் கிருமி இருந்தாலே மருந்து வேண்டும் என்பதில்லை. ட்யூப் போட்டவர்களிடம் தொந்தரவே தராமல் கிருமி குடியிருப்பது சகஜம். வைத்தியம் ஆளுக்குத்தான், காகிதத்துக்கு அல்ல.

* 'எஸ்' போட்ட மருந்தை நீங்களே பொறுக்கி வாங்காதீர்கள். கிட்னி, வயது, மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

* டிஸ்சார்ஜ் ஃபைலில் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை அட்மிட் ஆனால் அதுதான் துருப்புச் சீட்டு.

* ட்யூப் போட்ட நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். "ட்யூப் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று தினமும் கேட்கவும் தயங்காதீர்கள்.

2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகள் 'ஹெச்-1' பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது சட்டம். பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு கட்டாயம். "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே, அந்த சிவப்பு கேப்ஸ்யூல் ரெண்டு கொடுங்க" என்று கேட்கும்போது, கேட்பது நாம்தான். ஆனால், பாடம் படித்துத் தேறுவது வாசலில் கைகட்டி நிற்கிறதே, அந்தக் கிருமி!